எங்களுக்குன்னு வெச்சது

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜீபெக் இன்று வெள்ளரிக்காயை முகர்ந்து பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். நாங்கள் இருப்பது நாலாவது மாடி. நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கார் மேல் விழுந்தது. நான் இறங்கிப் போய் எடுத்து, ஒன்றும் தெரியாதவன்போல் வாசலில் நின்று தின்றேன். காசு கொடுத்து வாங்கியது.

மேலே வந்ததும் ஆரம்பித்தாள். "மண்ணெண்ண வாசன வருது மார்லென். மருந்துல குளிப்பாட்டியிருக்கானுங்க. இந்தத் தடவ என் வயித்துக்குள்ள போறதெல்லாம் சுத்தமா இருக்கணும். மருந்து படாத காய், மருந்து படாத பழம். வேற பேச்சே கிடையாது."

இந்தத் தடவை என்றால் மூன்றாவது தடவை. முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. அதற்கும் காய்கறிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா தெளிவாகவே சொல்லிவிட்டார். ஆனால் அவளுக்கு எது நிம்மதியோ அதைக் கொடுங்கள் என்றும் சொன்னார். நிம்மதி கிலோ என்ன விலை என்று சொல்லவில்லை.

தையல் கூடத்தில் இடுப்பு வலி என்று சொல்லி நின்றுவிட்டாள். தைத்த துண்டுக்குத்தான் அங்கே கூலி. வீட்டில் இருந்தால் ஒன்றும் கிடையாது. உண்மைக் காரணத்தை நான் யாரிடமும் சொல்லக் கூடாதாம், அவள் அம்மாவிடம்கூட. வயிறு தானாகத் தெரிகிற வரைக்கும். கண் பட்டுவிடும். ரொட்டி மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன்.

ஆக, இனி லிஃப்ட் பழுது பார்க்கிற என் ஒரு சம்பளம்தான். கடைக்குப் போவதும் நான்தான். நாற்பத்தொரு வயது வரை நான் கடையில் தேர்ந்தெடுத்து வாங்கியது திருப்புளி மட்டுமே.

ஏப்ரல் 9

நான் லிஃப்ட் பார்க்கிற புதுக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு கடை இருக்கிறது. எல்லாக் காயிலும் ஒரு பச்சை இலை ஒட்டியிருக்கும். உள்ளே பாட்டு ஓடுகிறது. கேரட்டுகளை வைக்கோலில், தொட்டிலில் கிடத்துவதுபோல் கிடத்தியிருக்கிறார்கள். இரண்டு கேரட், ஒரு பீட்ரூட், ஒரு கட்டு சதகுப்பைக் கீரை. பில்லைப் பார்த்ததும் கீரையை மட்டும் திரும்ப வைத்துவிடலாமா என்று யோசித்தேன். பின்னால் நின்ற அம்மாளின் நாய்கூட என்னைவிட நல்ல கோட்டுப் போட்டிருந்தது. வாங்கிவிட்டேன்.

ஜீபெக் சாப்பிட்டாள். வாந்தி வரவில்லை. அதுதான் வம்பு. வந்திருந்தால் அந்தக் கடையை மறந்திருக்கலாம்.

ஏப்ரல் 13

ஓஷ் பஜாருக்குப் போனேன். எல்லோரும் ஒரே பாட்டு: "சொந்தத் தோட்டம் தம்பி, சொந்தத் தோட்டம்!" வாழைப்பழம் வைத்திருந்தவனும் அதையே சொன்னான்.

"பிஷ்கெக்ல எங்கய்யா வாழத் தோட்டம்?" என்றேன்.

"மாமனார் வழில வந்தது" என்றான், கண் சிமிட்டாமல்.

ஓரமாக, தரையில் சாக்கு விரித்து முள்ளங்கி விற்கிற ஒரு அக்காளிடம் கேட்டேன். சிவந்த கன்னம், ஆண்கள் போடும் கோட்டு, தலையில் பூப்போட்ட துணி. மருந்து அடித்ததா என்றேன்.

"அடிச்சேன். அடிக்காம? புழுவுக்கா வெதச்சேன்?"

பஜாரில் எனக்குக் கிடைத்த முதல் உண்மை. அதற்காகவே ஒரு கட்டு வாங்கினேன். சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு துணிப்பையிலிருந்து கோணல்மாணலான முள்ளங்கி ஒன்றை எடுத்து, கோட்டில் துடைத்து, நறுக்கென்று கடித்தாள். இலையெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை.

"அக்கா, அத எனக்குக் குடுங்களேன்."

"இது விக்கிறதுக்கில்ல. எங்களுக்குன்னு வெச்சது."

சோகுலுக் பக்கம் கிராமமாம். பேர் அனார்குல். விற்பதற்கு நீள நீளமாக வரிசைகள், அதற்கெல்லாம் மருந்து. வீட்டுக்கு மூன்று வரிசை, அதற்கு ஒன்றும் கிடையாது. புழுவைக் கையால் எடுப்பார்களாம்.

ஏப்ரல் 14

ஜீபெக்கிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அதுதான். அந்த மூணு வரிசதான் எனக்கு வேணும்."

ஏப்ரல் 20

அனார்குல் அக்காளிடம் இரட்டை விலை தருகிறேன் என்றேன். அவள் பார்த்த பார்வையில் முள்ளங்கி வாடியிருக்கும்.

"எம் புருஷன் தட்டுல இருக்குறத வித்துட்டு வான்னு சொல்றியா? காசு இருந்தா எதையும் கேக்கலாமா?"

காசு இல்லை, அதனால்தான் கேட்கிறேன் என்று எப்படிச் சொல்வது? எனக்கு வயிறு சரியில்லை என்றேன். டாக்டரிடம் போ என்றாள். நியாயம்தான்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். "என் பெண்டாட்டிக்கு மசக்கை." மசக்கைக்காரி கேட்டதை இந்த ஊரில் எவரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். என் அக்காளுக்கு மசக்கை வந்தபோது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதர், அவர் பிள்ளைகளுக்கு வாங்கிப்போன மாதுளம்பழத்தை அப்படியே மடியில் வைத்துவிட்டு இறங்கினார். அந்த வார்த்தை எல்லாப் பூட்டையும் திறக்கும். அதைத்தான் சொல்லமாட்டேன் என்று ரொட்டி மேல் சத்தியம் செய்திருக்கிறேன். சாவியை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்கிற பிழைப்பு.

ஏப்ரல் 24

இன்று வேலையில் சிரித்ததுபோல் பல வருடம் சிரிக்கவில்லை. புதுக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. கதவை நெம்பித் திறந்தால், உள்ளே பச்சை இலைக் கடையின் முதலாளி, வியர்த்து விறுவிறுத்து நிற்கிறார். காலடியில் கேரட் பெட்டி, அதில் மொத்த வியாபாரி பேர் கொட்டை எழுத்தில். கையில் பச்சை இலை ஒட்டுகள் சுற்றிய உருளை. மாட்டிக்கொண்ட நேரத்தை வீணாக்காமல் பாதிப் பெட்டிக்கு ஒட்டி முடித்திருந்தார்.

"இத... வெளில சொல்லிடாதீங்க" என்றார். ஒரு பை கேரட் கொடுத்தார். வேண்டாம் என்றேன். பஜாரிலேயே கிடைக்கிறது, இலை மட்டும்தான் குறைவு.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். அவள் நிம்மதியாகச் சாப்பிட்டதாயிற்றே. சொன்னேன். முதலில் செருப்பைத் தேடினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. திடீரென்று நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிச்சா ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

ஒன்றும் ஆகாது என்றேன். எனக்கு என்ன தெரியும்?

மே 4

பால்கனியில் தொட்டி வைத்துச் சதகுப்பை விதைத்தேன். வந்துவிட்டது! கடைக்காரன்களே, இனி உங்கள் தயவு வேண்டாம்.

மே 11

சதகுப்பையில் பேன் மாதிரிப் பூச்சி. சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். பூச்சிகள் குளித்துவிட்டு மறுபடி சாப்பிட உட்கார்ந்தன. மருந்துக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். அனார்குல் அக்காளை இன்றுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

மே 18

பச்சை ஏப்ரிகாட் வேண்டுமாம். பழமில்லை. காய். கொட்டைகூட முற்றாத பிஞ்சு, உப்புத் தொட்டு. "அது இருந்தா போதும், வேற எதுவும் வேண்டாம்" என்கிறாள். அதைப் பறித்து யார் விற்பார்கள்? பஜார் முழுக்கக் கேட்டு, பைத்தியக்காரப் பட்டம் வாங்கிக்கொண்டு கடைசியாக அனார்குல் அக்காளிடம் வந்தேன்.

"பிஞ்சா?" என்றாள். முள்ளங்கி கட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஒனக்கா?"

"எனக்குப் புளிப்புன்னா உசிரு."

என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். காது வரை எனக்குச் சூடாகிவிட்டது. அடுத்த ஞாயிறு வா என்றாள்.

மே 25

கொண்டுவந்திருந்தாள், கைக்குட்டையில் முடிந்து. கை நீட்டினேன். தரவில்லை.

"ஒனக்குத்தான? தின்னு பாப்போம்."

தின்றேன். தாடை இரண்டும் பூட்டிக்கொண்டது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பக்கத்துக் கடைகளிலிருந்து எல்லோரும் பார்க்கிறார்கள்.

"எப்படியிருக்கு?"

"தேன்" என்றேன்.

"அப்ப இன்னொண்ணு."

அதையும் தின்றேன். மூன்றாவதையும் தின்றேன். சத்தியம் சத்தியம்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. முடிச்சை என் கையில் வைத்து, குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"பாவம், ஆம்பளைக்கு மசக்கை வந்திருக்கு. ஊர்ல சொல்லிடாத, கண்ணு படும். நானும் சொல்லமாட்டேன்."

பிறகு அந்தத் துணிப்பையைத் திறந்தாள். கோணல் முள்ளங்கி, ஓட்டை விழுந்த கீரை, வெங்காயத் தாள். எல்லாவற்றையும் என் பையில் போட்டாள். காசை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டாள். "மசக்கைக்காரன்கிட்ட காசு வாங்குனா எங்க வீடு வெளங்குமா?"

வீடு வரும்வரை பல் கூசியது. வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். நான் வார்த்தையைச் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள், அதுவும் என்னைப் பற்றி. ரொட்டிக்கு இதில் கோபம் வர நியாயமில்லை.

ஜீபெக் பிஞ்சு அத்தனையையும் அரை மணியில் தீர்த்துவிட்டு உப்பையும் நக்கினாள்.

ஜூன் 8

"வா வா, உக்காரு, நிக்காத. கால் வீங்கும்." எனக்காகப் பெட்டியைக் கவிழ்த்துப் போடுகிறாள் அனார்குல் அக்கா. "காலைல வாந்தி உண்டா?"

"கொறஞ்சிருக்கு அக்கா."

"தூக்கம்?"

"இடது பக்கம்தான் படுக்கறேன்."

"அப்படித்தான் படுக்கணும். கனமா எதையும் தூக்காத."

நேற்று நான் தோளில் தூக்கிய லிஃப்ட் மோட்டாரைப் பற்றிச் சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கேட்டுப் போகட்டும்.

ஜூன் 22

ஓசியிலேயே வாங்கிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவளிடமே, விற்கிற குவியலிலிருந்து, எனக்கு என்று முழு விலைக்கு வாங்கிவிடுகிறேன். மருந்து அடித்தது சந்தை விலைதான், என் சம்பளத்துக்குள் அடங்குகிறது. வீட்டில் இப்போது இரண்டு குண்டான். சின்னக் குண்டானில் வீட்டு வரிசைக் காய், ஜீபெக்குக்கு. பெரிய குண்டானில் சந்தை வரிசைக் காய், எனக்கு. கரண்டி மாறினால் சண்டை.

ஜூலை 5

காலையில் ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாதாம். என்னை உள்ளே விடவில்லை.

போன தடவையும் இதே மாசம்தான். இதே மாதிரிதான் ஆரம்பிச்சுது. வேண்டாம். எழுதவே வேண்டாம்.

ஜூலை 6

எங்கே போவதென்று தெரியவில்லை. மாமியாரிடம் போக முடியாது, அவருக்கு விஷயமே தெரியாது. கால் தானாகப் பஜாருக்குப் போனது. அனார்குல் அக்கா பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். உட்கார்ந்தேன்.

"என்ன தம்பி?"

"எனக்கு... உடம்பு சரியில்ல அக்கா" என்றேன். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

அவள் தராசைப் பக்கத்துக் கடைக்காரரிடம் தள்ளிவிட்டு, எதிரே வந்து மண்ணில் உட்கார்ந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை முழுக்க ஈர மண்.

"ஆஸ்பத்திரில இருக்கியா?"

"ஆமா."

"படுத்தே இருக்கச் சொன்னாங்களா?"

"ஆமா."

"அப்ப படுத்தே இரு. எந்திரிக்கக் கூடாது. கண்டதையும் நெனைக்கக் கூடாது. என் மூணாவதுக்கு எனக்கும் இப்படித்தான் ஆச்சு, தெரியுமா? பட்டுது, நின்னுது. இப்ப அவன் ட்ராக்டர் ஓட்டறான், சொன்ன பேச்சு கேக்கறதில்ல. ஒனக்கும் நிக்கும். கேக்குதா?"

கேட்கிறது என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவல் இருந்த அம்மாளிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: "அக்கா சொன்னாங்க, நிக்குமாம். அவங்க பையன் ட்ராக்டர் ஓட்டறான்." பதில் சீட்டு வந்தது: "எந்த அக்கா? நீ யார்கிட்ட சொன்ன?" திட்டுகிறாள் என்றால் தெம்பாகத்தான் இருக்கிறாள்.

ஜூலை 12

நின்றுவிட்டது.

ஜூலை 16

வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தையின் இதயத் துடிப்பை எனக்கும் கேட்கவிட்டார்கள். நல்ல மோட்டார். சத்தம் சீராக இருக்கிறது.

ஆகஸ்ட் 17

வயிறு தெரிந்துவிட்டது, மாமியாரும் வந்து அழுது, சிரித்து, என்னைத் திட்டி முடித்துவிட்டார். சத்தியம் தீர்ந்தது. ஆனாலும் அனார்குல் அக்காளிடம் இன்னும் நான்தான் மசக்கைக்காரன். இருவருக்கும் அதை விட மனமில்லை.

இன்று மதியம் போனபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டி, உப்பு, தக்காளி. தக்காளி உருண்டையாக, பளபளவென்று, ஒரு வெடிப்புகூட இல்லாமல். வீட்டு வரிசைத் தக்காளி அப்படி இருக்காது. எனக்கு நன்றாகத் தெரியும், அதெல்லாம் வெடித்துப்போய் என் பையில் கிடந்தது.

"அக்கா, இது விக்கிறதுல்ல? மருந்தடிச்சதுல்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"உங்களுக்குன்னு வெச்சது?"

"எனக்கு மசக்கையா?" என்றாள். அடுத்த வாய் கடித்தாள். "பேசாம போ. வெயில்ல நிக்காத."

வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுதான் போனேன்.

செப்டம்பர் 28

பெரிய குண்டானில் இன்று மிளகாய் தூக்கலாகப் போய்விட்டது. சின்னக் குண்டான் பக்கம் பார்த்தேன். ஜீபெக் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். ரொட்டியோடு சமாளித்தேன்.

நவம்பர் 2

பெண் குழந்தை. இருவரும் நலம். என்னைத் தவிர எல்லோரும் நலம்.

நவம்பர் 6

பஜார் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடினேன். "சுயுன்ச்சு! சுயுன்ச்சு!" நல்ல சேதி கொண்டுவந்தவன் கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்தே ஆக வேண்டும். அனார்குல் அக்கா உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்தாள்.

"பெத்துட்டியா?"

"பெத்துட்டேன் அக்கா! பொண்ணு!"

"பெத்து நாலு நாள் ஆகல, இந்த ஓட்டம் ஓடற! தையல் பிரிஞ்சிடப் போவுது!" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சுற்றுமுற்றும் தேடினாள். பிறகு அந்தத் துணிப்பையையே, உள்ளே இருந்ததோடு சேர்த்து என் தோளில் மாட்டிவிட்டாள். உள்ளே பீட்ரூட், பூசணிக் கீற்று, பாதி ரொட்டி. பாதி ரொட்டி அவளுடைய மதியச் சாப்பாடு. திருப்பிக் கொடுக்கப் போனேன். அடிக்க வந்தாள்.

குழந்தைக்கு அனாரா என்று பேர். யோசனை ஜீபெக்குடையது. நான் சும்மா அழுதேன்.

ஜனவரி 11

குளிர். அக்கா பஜாருக்கு வருவதில்லை. எல்லாக் குண்டானிலும் உருளைக்கிழங்கு.

ஏப்ரல் 5

ஒரு வருடமாயிற்று. இன்று மூவருமாகப் போனோம். அனார்குல் அக்கா அதே சாக்கு, அதே கோட்டு. ஜீபெக்கை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இவருக்கு நீங்க ரொம்பச் செஞ்சிருக்கீங்க அக்கா" என்றாள் ஜீபெக். "ரொம்பக் கஷ்டப்பட்டார், பாவம்."

"ஆமாம்மா. மூணு ஏப்ரிகாட் தின்னான் பாரு. ஒரு பொம்பள தின்னுருப்பாளா?"

குழந்தை முகத்தை முதல் தடவை பார்த்ததற்குச் சீராக, தலையில் இருந்த பூத்துணியை அவிழ்த்துக் குழந்தையைச் சுற்றிவிட்டாள். அனாரா அதன் நுனியைப் பிடித்து வாயில் வைத்தாள். துவைத்த துணியா என்று ஜீபெக் கேட்கவில்லை. அங்கேதான் நான் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டேன்.

குவியலிலிருந்து ஒரு கட்டு முள்ளங்கி எடுத்து, எவ்வளவு என்றேன். இனிமேல் எனக்குச் சலுகை கிடையாது, அது தெரியும், பெற்றாகிவிட்டது. அதற்குத் தயாராகத்தான் காசோடு வந்திருந்தேன்.

என் கையில் ஓர் அடி விழுந்தது.

"அத வை. மருந்தடிச்சது." துணிப்பையைத் தேடி எடுத்தாள், இது புதுப் பை. "இந்த வருஷம் நாலு வரிச போட்டிருக்கோம். நாலாவதுக்குப் புழு எடுக்க எனக்கு இடுப்பு வளையாது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீ வந்து எடுக்கணும், சொல்லிட்டேன். இவளும் வரட்டும், புள்ளைய மர நெழல்ல போட்டுக்கலாம்."

"நாலாவது யாருக்கு அக்கா? விக்கவா?"

"விக்கிறதுக்கா?" பையை என் பக்கம் தள்ளினாள். "நமக்குன்னு வெச்சதுடா."

ஏப்ரல் 6

இன்று வீட்டில் ஒரே குண்டான்.